நெய்வேலி வீடுகளும் நூலேணித் திருடர்களும்: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

நைட் ஷிப்டுக்குக் கிளம்புகிறீர்கள். வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கிறீர்கள். அந்தப் பூட்டில் ஒரு கீறல்கூட விழாமல் உங்கள் கதவைத் திறந்துவிட முடியும், தெரியுமா? கடையில் நின்று பூட்டைக் கையில் தூக்கி, கனம் பார்த்து வாங்குகிறோம். அது தொங்கப்போகிற நாதாங்கியை யார் பார்க்கிறார்கள்? நாலு சின்னத் திருகாணிகள் மரத்துக்குள் அரை அங்குலம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான்! கடப்பாரை நுனியைச் செருகி ஒரு நெம்பு நெம்பினால் நாதாங்கி மொத்தமாகப் பெயர்ந்துவிடும். பூட்டு மட்டும் பூட்டியபடியே அதில் தொங்கும். மறுநாள் பேப்பரில் ‘பூட்டை உடைத்து நகை திருட்டு’ என்று செய்தி வரும்.

இதைச் சரிசெய்ய ஒரு தச்சருக்கு அரை நாள் வேலைகூட இல்லை. திருகாணிக்குப் பதிலாகக் கதவின் மறுபக்கம் வரை ஊடுருவும் போல்ட்டைப் போட்டு, உள்பக்கம் நட்டை முடுக்கிவிட்டால் நெம்புவது பெரும்பாடு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் வீடுகளில் கீலின் ஊசியும் வெளியேதான் இருக்கும். அந்த ஊசியைத் தட்டிக் கழற்றினால் பூட்டு இருக்கிற பக்கத்துக்கே போகாமல் மறுபக்கம் வழியாகக் கதவைப் பிரித்துவிடலாம்! இன்று மாலையே உங்கள் கொல்லைக் கதவின் கீலை ஒரு பார்வை பாருங்கள்.

முன்வாசலைச் சொல்லாமல் கொல்லைக் கதவைச் சொல்கிறேன் என்றால், அதற்குக் காரணம் நெய்வேலியின் அமைப்பு. இந்த ஊர் பிறந்த கதையே ஓர் அதிசயம். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் அதை வெட்டியெடுக்கும் நிறுவனம் உருவானது. 1957-ல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை செய்கிறவர்களுக்காக முந்திரிக் காட்டு மண்ணில் ஒரு நகரமே கோடு போட்டுக் கட்டப்பட்டது. எண்ணிட்ட வட்டங்கள், அகலமான இரட்டைச் சாலைகள், தோட்டம் சூழ்ந்த குவார்ட்டர்ஸ்கள், வாசலில் வேம்பு, கொல்லையில் பலா. தமிழ்நாட்டில் ஒரு சாதாரணத் தொழிலாளி இவ்வளவு பச்சைக்கு நடுவே வாழ்கிற ஊர்கள் எத்தனை இருக்கின்றன?

அந்தப் பச்சைதான் திருடனுக்கும் வசதி! சென்னை அடுக்குமாடியில் ஒரு சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது கேட்கும். இங்கே அடுத்த வீட்டுக்குப் போக ஒரு தோட்டத்தைத் தாண்ட வேண்டும். கொல்லைப்புறத்தில் நின்று ஒருவன் கதவை நெம்பினால் தெருவிலிருந்து பார்க்க முடியாது. ஆள் இல்லாத குவார்ட்டர்ஸ் பக்கத்தில் இருந்தால் அவன் நின்று நிதானித்துக் காத்திருக்கவும் இடம் கிடைத்துவிடும். பலா மரத்தின் தாழ்ந்த கிளை ஓட்டின் மேலோ மொட்டைமாடியின் மேலோ சாய்ந்திருந்தால் ஏணி எதற்கு? மரத்தை வெட்ட வேண்டாம், அந்த ஒரு கிளையைக் கழித்துவிட்டால் போதும். ஜன்னல்களுக்குக் கீழே காகிதப்பூச் செடியை வைத்துப் பாருங்கள். பார்க்க அழகு, முள்ளோ கையைக் கிழிக்கும்.

இன்னொன்று தெரியுமா? நம் ஊரில் யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பது ரகசியமே இல்லை. ஷிப்ட் மாறும் நேரம் ஊருக்கே தெரியும். தைப்பூசத்துக்கு ஜோதி தரிசனம் பார்க்க வடலூருக்கு யார் யார் போவார்கள் என்பது தெரியும். 1998-ல் தொடங்கிய புத்தகக் கண்காட்சி நடக்கும் நாட்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் மாலையில் எங்கே இருப்பார்கள் என்பதும் தெரியும். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சொந்த ஊருக்குப் போகிறவர்களின் வரிசை பஸ் ஸ்டாண்டிலேயே தெரிந்துவிடும்.

சுரங்கத்துக்கும் மின்நிலையத்துக்கும் காவல் நிற்பது மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை. 1968-ல் இயற்றிய சட்டத்தின்படி 1969-ல் உருவான படை அது. துப்பாக்கி ஏந்திய காவல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது நம் வீட்டுக்கு என்ன வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் உங்கள் வீட்டு பீரோ உடைபட்டால் வழக்குப் பதிந்து விசாரிப்பது தமிழ்நாடு காவல்துறைதான். டவுன்ஷிப், தெர்மல், மந்தாரக்குப்பம் என்று காவல் நிலையங்கள் பிரிந்திருக்கின்றன. உங்கள் வட்டம் எந்த நிலையத்தின் எல்லையில் வருகிறது என்று இப்போதே தெரிந்து வைத்திருக்கிறீர்களா?

திருடனைப் பற்றி எவ்வளவு படித்தாலும் கடைசியில் இரண்டு விஷயங்களில்தான் வந்து நிற்கிறது. அவனுக்கு நேரம் வேண்டும், மறைவு வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் பெரும்பாலும் அடுத்த வீட்டைப் பார்த்துப் போய்விடுகிறான். இது நம் முன்னோருக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது என்று பார்த்தால் மலைத்துப்போவீர்கள்!

மதுரைக்காஞ்சியைத் திறந்து பாருங்கள். மாங்குடி மருதனார் நள்ளிரவு மதுரையைக் காட்டும் இடத்தில், நகைக்கு ஆசைப்பட்டுச் சுற்றும் திருடர்களின் உடையையும் ஆயுதத்தையும் இன்றைய போலீஸ் அறிக்கை தோற்றுப்போகும்படி விவரிக்கிறார். காலில் செருப்பு, தொடையில் செருகிய கூர்மையான குறுவாள், இருளோடு இருளாகக் கலக்கும் கருநிற உடை, இடையில் நீலக் கச்சு. சுவர் அடியில் நிலத்தைத் தோண்ட உளி. எல்லாவற்றுக்கும் மேலாக, இடுப்பைச் சுற்றிச் சுருட்டிக் கட்டிய நூல் ஏணி! மதில் ஏறி முடித்ததும் மறுபடி சுருட்டி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய உபகரணம் இது.

அதைவிட என்னை அசர வைப்பவர்கள் அதே இடத்தில் வரும் ஊர்க்காவலர்கள். திருடர்களின் வழிமுறைகளைப் பற்றிய நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர்கள் அவர்கள் என்கிறார் புலவர். அப்படியானால் அந்தக் காலத்திலேயே காவலுக்குப் படிப்பு இருந்திருக்கிறது! கையில் வில்லும் அம்பும். தெருவில் வெள்ளம் ஓடும்படி மழை கொட்டுகிற நடுநிசியிலும் சோர்ந்து ஒதுங்காமல் சுற்றி வந்தார்களாம். மழை இரவில் திருடனுக்குச் சத்தமும் மறைகிறது, ஆளும் மறைகிறது. காவல் தேவைப்படுவதும் அன்றைக்குத்தான் என்பதை அவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள். கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படிப் பெய்யும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்?

சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் காவலர்களுக்குத் திருட்டைப் பற்றி ஒரு வகுப்பே எடுக்கிறான். திருடர்கள் நம்பியிருக்கும் துணைகள் எட்டு என்று அவன் அடுக்கும் பட்டியலில் மந்திரம், மருந்து, நிமித்தம் எல்லாம் இருக்கின்றன. கூடவே இடம், காலம், கருவி என்ற மூன்றும் இருக்கின்றன. மந்திரத்தையும் மருந்தையும் நீக்கிவிட்டால் இன்றைய குற்றவியல் பாடம் இந்த மூன்றில்தான் தொடங்குகிறது. அந்தப் பேச்சு ஒரு நிரபராதியைக் கொல்வதற்குப் பயன்பட்டது என்பது வேறு கொடுமை.

சூத்திரகர் எழுதிய மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தில் வரும் சர்விலகன் கதை இன்னும் விசித்திரம். சுவரில் கன்னம் வைக்க வந்தவன் உடனே வைத்துவிட்டுப் போகவில்லை, எந்த வடிவத்தில் வைப்பது என்று யோசிக்கிறான்! விரிந்த தாமரையா, சூரியனா, பிறைச்சந்திரனா, குளமா, சுவஸ்திகமா, பூர்ணகும்பமா? சுட்ட செங்கல் சுவருக்குப் பூர்ணகும்பம்தான் பொருத்தம் என்று முடிவு செய்கிறான். அளவெடுக்க நூல் கொண்டுவர மறந்துவிட, மார்பில் கிடக்கும் பூணூலையே அளவுநூலாக்குகிறான். காலையில் ஊரார் பார்த்து மெச்ச வேண்டும் என்பது அவன் ஆசை.

கன்னம் வைக்கும் காலம் முடிந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே இருக்கும் பெரிய நகைக்கடையின் சுவரைத் துளைத்து, விலங்கு முகமூடி அணிந்த இருவர் உள்ளே நுழைந்து கோடிக்கணக்கான மதிப்புள்ள நகைகளை அள்ளிச் சென்றதை டிவியில் தமிழ்நாடே பார்த்தது. ஷட்டரும் பூட்டும் இருந்த பக்கத்துக்கு அவர்கள் போகவே இல்லை.

பூட்டு என்றதும் நமக்குத் திண்டுக்கல்தான். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியுமா? மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு, சதுரப் பூட்டு என்று எத்தனை வகை! லீவர்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, சாவிக்கு ஏற்பக் கையாலேயே பொருத்தும் கைவேலை அது. மெஷினில் ஆயிரக்கணக்கில் அச்சடித்த பூட்டுகளில் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேர்ந்துவிடுவது உண்டு. கையால் ராவிய பூட்டுக்கு அதன் சாவி மட்டும்தான். பூட்டினால் மட்டுமே சாவியை வெளியே எடுக்க முடிகிற பூட்டும் இருக்கிறது. பூட்டிவிட்டோமா இல்லையா என்று பாதி வழியில் சந்தேகம் வரும் ஆளுக்கு இதைவிட நிம்மதி வேறு என்ன வேண்டும்? பையில் சாவி இருக்கிறதென்றால் வீடு பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கைவேலை அழிந்துவிடக் கூடாது. வாங்குகிற அடுத்த பூட்டைத் திண்டுக்கல் பூட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, இதைச் சாவி இல்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாராலும் திறக்க முடியவில்லை! 1851-ல் லண்டன் மாபெரும் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக் கலைஞர் ஹாப்ஸ் அதைத் திறந்தார். அவருக்குப் பிடித்த நேரம் எவ்வளவு தெரியுமா? 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம்! அதே ஹாப்ஸ், அதே ஆண்டில் இன்னொரு புகழ்பெற்ற பூட்டை அரை மணிக்குள் திறந்தார். அது ஜெரமையா சப் 1818-ல் காப்புரிமை பெற்ற பூட்டு. அந்தப் பூட்டுக்கும் ஓர் அருமையான குணம் உண்டு. வேறு யாராவது கள்ளச்சாவி போட்டுக் குடைந்தால் உள்ளே சிக்கிக்கொண்டு நின்றுவிடும். சொந்தக்காரர் வந்து தன் சாவியைப் போடும்போது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்று கிடையாது என்பதை ஹாப்ஸ் நிரூபித்துவிட்டார். ஆனால் உங்கள் கொல்லையில் 51 மணி நேரம் உட்கார்ந்து குடைய எந்தத் திருடனால் முடியும்? பூட்டு சம்பாதித்துத் தருவது அந்த நேரத்தை. வெளிக்கதவு, நடுக்கதவு, பீரோ என்று ஒவ்வொன்றையும் பூட்டி ஒவ்வொரு சாவியையும் வேறு வேறு இடத்தில் வைத்தால் அந்த நேரம் கூடிக்கொண்டே போகும். பீரோ சாவியை பீரோ மேலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் அவ்வளவு நேரத்தையும் திருடனுக்கே இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

சாவியைப் பற்றி இன்னொரு தகவல் கேட்டால் திகைத்துப்போவீர்கள். 2008-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆராய்ச்சியாளர்கள், 195 அடி தூரத்தில் மாடியில் இருந்து எடுத்த போட்டோவை மட்டும் வைத்துக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு ஒரு சாவியின் வெட்டுகளைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள்! சாவியைக் கையில் சுழற்றியபடி செல்ஃபி எடுத்துப் போடுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணவன் ஒரு ஷிப்ட், மனைவி ஒரு ஷிப்ட் என்று போகும் வீடுகளில் சாவியை மீட்டர் பெட்டியிலும் செருப்பு ஸ்டாண்டிலும் பூந்தொட்டிக்கு அடியிலும் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த மூன்று இடங்களையும் திருடன் முதலில் பார்க்கிறான். இரண்டாவது சாவி ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள், அல்லது பக்கத்து வீட்டு அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வீட்டுக்கு சிசிடிவி என்ற யோசனையே ஒரு நர்ஸுக்குத் தோன்றியது தெரியுமா? மேரி வான் பிரிட்டன் பிரவுன், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினப் பெண். அவருக்கும் நம்மைப் போலவே நேரங்கெட்ட நேரத்தில் வேலை. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவரோடு சேர்ந்து, கதவில் நான்கு துவாரங்கள், அவற்றில் மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் டிவி, வெளியே நிற்பவரோடு பேச மைக், ஆபத்தென்றால் அழுத்த ஒரு பட்டன் என்று வடிவமைத்தார். 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை பெற்றார். இன்று ஊர் ஊராக வாசலில் தொங்கும் கேமராக்களுக்கு அந்தம்மாதான் முன்னோடி.

கேமரா வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். திருடிவிட்டுப் போகும்போது படம் பதிவாகும் ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு போவது இப்போது வழக்கமாகிவிட்டது. டிவிக்குப் பக்கத்தில் பளிச்சென்று மின்னும் பெட்டியை எடுக்க எத்தனை நேரமாகும்? அதைப் பரண்மேலோ வேறு அறையின் அலமாரியிலோ மறைத்து வையுங்கள். மொபைலுக்கும் காட்சி வரும்படி செய்துகொண்டால் இன்னும் நல்லது.

மோப்ப நாய் வந்தால் வழி தெரியாமல் இருக்க மிளகாய்ப் பொடி தூவிவிட்டுப் போகிற செய்தியையும் படித்திருப்பீர்கள். வீடு முழுக்கச் சிவப்பாகக் கிடக்கிறதே என்று துடைப்பத்தை எடுக்காதீர்கள்! பீரோவை மூடாதீர்கள், சிதறிக்கிடக்கும் துணிகளை மடிக்காதீர்கள், எதையும் தொடாதீர்கள். ஒரு சின்னக் கறை என்ன செய்யும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. வங்காளத்தின் ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொல்லப்பட்டு அவருடைய பணம் திருடுபோனது. வீட்டில் கிடந்த பஞ்சாங்கத்தின் மேல் ஒரு விரல் கறை. 1897-ல்தான் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியிருந்தது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கும் கைரேகை வகைப்பாட்டுக்கு அங்கே கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற நம்மவர்கள். அந்தக் கறை, முன்பு திருட்டு வழக்கில் தண்டனை பெற்றிருந்த பழைய வேலைக்காரர் காங்காலி சரணின் பெருவிரலோடு பொருந்தியது. 1898-ல் தீர்ப்பு வந்தது. கொலைக்கு நேரடி சாட்சி இல்லை என்பதால் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, திருட்டுக்கு மட்டும் தண்டித்தார்கள். கைரேகையை நம்பி உலகில் எந்த நீதிமன்றமும் வழங்கிய மிகப் பழைய தண்டனைகளில் இது ஒன்று. அதுவும் வீட்டுத் திருட்டுக்கு! உங்கள் பீரோ கைப்பிடியிலும் அப்படி ஒரு விரல் காத்திருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. வீடு புகுந்து உடைத்தல் என்றால் கதவை உடைத்தால்தான் என்று நினைக்கிறோம். நீங்கள் தொலைத்த சாவியை ஒருவன் கண்டெடுத்து, அதே சாவியால் உங்கள் வீட்டைத் திறந்து உள்ளே வந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது உடைத்தல்தான்! ஜன்னல் வழியாக நுழைவதும் அப்படியே. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துத் திருடினால் 14 ஆண்டுவரை சிறை. இரவில் வீட்டை உடைத்து உள்ளே வந்தவனிடமிருந்து உங்கள் சொத்தைக் காத்துக்கொள்ளும் தற்காப்பு உரிமை அவன் உள்ளே இருக்கும்வரை நீடிக்கும் என்றும் சட்டம் சொல்கிறது. அதற்காக வேலியில் மின்சாரம் பாய்ச்சிவிடாதீர்கள்! மின்சாரம் பிறக்கும் ஊரில் இருக்கிறோம், அதன் வீச்சு நமக்குத் தெரியாததா? அது சட்டவிரோதம். சாவது பந்தை எடுக்க வந்த பக்கத்து வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய ஆச்சரியம். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1972 அக்டோபர் முதல் ஓராண்டு ஒரு சோதனை நடந்தது. சில பகுதிகளில் போலீஸ் ரோந்து வண்டிகளை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். சில பகுதிகளில் வழக்கமான ரோந்தை நிறுத்திவிட்டு, கூப்பிட்டால் மட்டும் போனார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால் வீட்டுத் திருட்டு உட்பட எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை! வண்டி தெருவைக் கடந்து போகும்வரை திருடன் ஒதுங்கி நின்றால் போதுமே.

இப்போது இங்கிலாந்துக்கு வாருங்கள். ராச்டேல் நகரில் கிர்க்கோல்ட் என்ற தொழிலாளர் குடியிருப்பு. நெய்வேலி போலவே அரசுத் தரப்பு கட்டிக்கொடுத்த வீடுகள். 1980-களின் நடுவில் அங்கே திருட்டு தலைவிரித்தாடியது. ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன தெரியுமா? ஒருமுறை திருடுபோன வீட்டுக்குத்தான் மறுமுறையும் திருட்டு வரும் வாய்ப்பு மிக அதிகம்! வீட்டின் அமைப்பு திருடனுக்குத் தெரிந்துவிட்டது, போன பொருளுக்குப் பதிலாகப் புதுப்பொருள் வாங்கி வைத்திருப்பார்கள் என்பதும் தெரியும். அதனால் 1986-ல் தொடங்கிய திட்டத்தில், திருடுபோன வீட்டின் பூட்டு தாழ்ப்பாள்களைப் பலப்படுத்தினார்கள். காசு போட்டு இயக்கும் மீட்டர்களைக் கழற்றினார்கள், ஏனென்றால் அந்தக் காசே திருடனுக்குத் தூண்டிலாக இருந்தது. அந்த வீட்டைச் சுற்றியிருக்கும் ஐந்தாறு வீட்டுக்காரர்களை மட்டும் ஒரு சிறு குழுவாகச் சேர்த்து, அந்த வீட்டின்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஐந்தே மாதங்களில் திருட்டு 40 சதவீதம் குறைந்தது. மூன்று ஆண்டுகளில் நாலில் ஒரு பங்காகிவிட்டது!

ஐந்தாறு வீடுகள், அவ்வளவுதான். இதில் நெய்வேலிக்கு இருக்கிற வாய்ப்பு வேறு எந்த ஊருக்கும் இல்லை. மூன்று ஷிப்ட் ஓடுகிற ஊர் இது. தெருவில் ஒருவர் வேலைக்குக் கிளம்பும்போது இன்னொருவர் வேலை முடிந்து திரும்புகிறார். எந்த ராத்திரியிலும் யாரோ ஒருவர் விழித்திருக்கிறார். எதிர்வீட்டு வாசலில் தெரியாத முகம் நின்றால் “யாருங்க, யாரைப் பார்க்கணும்?” என்று வண்டியை நிறுத்திக் கேட்டாலே போதும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் துணிச்சல் திருட வந்தவனுக்கு இராது.

பாடிகாவல் என்ற பெயரில் ஊர்க்காவலுக்கென்றே வரி செலுத்தியதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பிற்காலத்தில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் காவல்காரர்கள் ஒரு பொறுப்பை ஏற்றிருந்தார்கள். களவுபோன பொருளைக் கண்டுபிடித்துத் தர முடியாவிட்டால் காவல்காரரே ஈடு கட்ட வேண்டும்! இன்றைக்கு அப்படி யாரும் ஈடு கட்ட மாட்டார்கள். வங்கி லாக்கர் மட்டும் ஒரு வகையில் கட்டும். 2022 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, கொள்ளை, தீ, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் இருந்த பொருள் போனால், ஆண்டு வாடகையின் நூறு மடங்குவரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். வாடகை 2,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 2,00,000 ரூபாய். பவுன் விற்கிற விலைக்கு அது ஒரு கைப்பிடி நகைக்குக்கூடக் காணாது. ஆனாலும் பீரோவை விட லாக்கர் ஆயிரம் மடங்கு மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணம் முடிந்து வந்த மறுவாரமே நகையை லாக்கரில் வைத்துவிடுங்கள்.

நகைகளை ஒவ்வொன்றாக மொபைலில் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வைத்திருக்கிறீர்களா? திருடன் பிடிபட்டு நகை மீட்கப்பட்டாலும் அது உங்களுடையது என்று காட்ட வேண்டுமே! புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாட்களுக்குள் அதன் விவரப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். படமும் வீடியோவும் எடுக்க வேண்டும். அதற்கடுத்த 30 நாட்களுக்குள் பொருளை யாரிடம் ஒப்படைப்பது என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். உங்கள் கையில் இருக்கும் படம் அப்போது பேசும். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. காப்பீடு எடுத்திருந்தால் அந்த நகல்தான் முதல் ஆவணம்.

ஊருக்குப் போகும்போது திருடனுக்கு நாமே எத்தனை அடையாளம் விட்டுப்போகிறோம் தெரியுமா? மூன்று நாளாகக் கோலம் இல்லாத வாசல். கேட்டில் செருகிய பேப்பர்கள். கெட்டுப்போய்த் தொங்கும் பால் பாக்கெட். பட்டப்பகலிலும் எரிகிற வராந்தா லைட். வெளியே தொங்கும் பெரிய பூட்டு. போதாததற்கு, குற்றாலம் போகிற வழியிலேயே ‘ஃபேமிலி ட்ரிப்’ என்று வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ்! படங்களைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள், அருவி எங்கேயும் ஓடிப்போகாது. பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லுங்கள். மாலையில் எரிந்து காலையில் அணையும்படி லைட்டுக்கு டைமர் போடுங்கள். வேலைக்கு வரும் அம்மாவிடம் வாசல் தெளித்து ஒரு புள்ளிக் கோலமாவது போடச் சொல்லி, அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள்.

அமெரிக்காவில் சிறையில் இருந்த 422 வீட்டுத் திருடர்களிடம் கேட்டு 2012-ல் ஒரு பல்கலைக்கழக ஆய்வு வந்தது. அலாரம் இருக்கிறதா என்று முதலிலேயே நோட்டம் விடுவோம் என்றார்கள் பத்தில் எட்டு பேருக்கு மேல். இருந்தால் வேறு வீட்டைப் பார்ப்போம் என்றார்கள் பத்தில் ஆறு பேர். அலாரம் வாங்க வசதி இல்லாதவர்கள் கின்னிக்கோழி வளர்க்கலாம்! தெரியாத ஆளைக் கண்டால் அது போடும் கூச்சலில் தெருவே எழுந்துவிடும். தோட்டம் உள்ள நெய்வேலி வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான காவல் எனக்குத் தெரியவில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதை உங்கள் எல்லைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. போகும் தேதி, திரும்பும் தேதி, உங்கள் போன் நம்பர் மூன்றையும் எழுதிக் கொடுத்தால் இரவு ரோந்தில் உங்கள் தெருவுக்கும் வருவார்கள். அவசரத்துக்கு 112 அல்லது 100. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியையும் மொபைலில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒரு மாலை, உங்கள் வரிசையில் இருக்கிற ஆறு வீட்டுக் கதவையும் தட்டுங்கள். யார் எந்த ஷிப்ட் என்று கேட்டு, ஆறு போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு வாருங்கள்.